பேனா டப்பாவில் இருந்த கையெழுத்து

திக்கிப் பேசும் பெண்ணுக்கு வக்கீல் படிப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது, மாலைக் கல்லூரியில் ஓர் இடம். இரண்டு முறை காலை வாரிவிட்ட தொழில் தேர்வில் மூன்றாம் முறை தேர்ச்சி. குடை செய்பவர் ஒருவர் கண்டுபிடித்த விசைக்குக் காப்புரிமை; எதிர்த்தரப்பில் வக்கீல் பட்டாளமே நின்றது, இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் அவள் எழுதிய பதில் மட்டும். பொம்மைக்காரரின் யானை வடிவத்தைச் சுட்டு விற்றவனிடமிருந்து மன்னிப்புக் கடிதம். வாடகை வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரரிடமிருந்து முன்பணம், ஒரு பிடித்தமும் இல்லாமல். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய வெற்றி என்று அவளுடைய அண்ணன் இன்றும் சொல்வான்.

ஆனால் அந்தக் காப்புரிமையிலும் மன்னிப்புக் கடிதத்திலும் அவள் பெயரைத் தேடினால் கிடைக்காது. எல்லாம் சாரின் பெயரில் இருக்கின்றன.

சார் என்பவர் அவளுடைய சீனியர். ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு அறை, ஓர் அலமாரி, அவர், அவள்: அலுவலகம் அவ்வளவுதான். அறிவுசார் சொத்துரிமை என்று பலகையில் எழுதியிருக்கும். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணனிடம், உடன் வேலை செய்பவர்கள் அதற்கு அர்த்தம் கேட்டால், "ஒருத்தன் யோசிச்சதை இன்னொருத்தன் தூக்கிட்டுப் போகாம பாத்துக்கிறது. மூளைக்குப் பூட்டுப் போடுற வேலை" என்பான். "உனக்குப் போட வேண்டிய அவசியமே இல்லையே" என்று அவர்கள் சிரிப்பார்கள்.

தங்கை எழுதுவாள், சார் படித்துத் திருத்துவார், அவர் பெயரில் போகும். இப்போதெல்லாம் கையெழுத்து என்றால் பேனாவில் இல்லை. கம்ப்யூட்டரில் செருகும் விரலளவு டோக்கன் ஒன்று உண்டு. அதைச் செருகி, கடவுச்சொல்லைப் போட்டால் கையெழுத்து விழுந்துவிடும். சாருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு டோக்கன் அவளுடைய பேனா டப்பாவுக்கு வந்துவிட்டது. "அது என் கையெழுத்து இல்லம்மா, நம்ம ஆபீஸ் கையெழுத்து. நீயே போட்டுடு" என்றார். அவளும் வக்கீல்தான், அவளுக்கென்றும் ஒரு டோக்கன் வாங்கியிருந்தாள். அது உறை பிரிக்காமல் அதே டப்பாவில் கிடந்தது. அண்ணன் ஒருமுறை கேட்டதற்கு, "சார் பேருன்னா எதிராளி கொஞ்சம் யோசிப்பான். என் பேரைப் பாத்தா சந்தோஷப்படுவான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாலும் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

தொற்று பரவி ஊர் அடங்கியதும் அலுவலகம் அண்ணன் வீட்டுக்கு வந்தது. துணி தேய்க்கும் மேஜைமேல் கம்ப்யூட்டர், கட்டிலுக்கு அடியில் கோப்புகள். பாதிக் கட்சிக்காரர்கள் காணாமல் போனார்கள். மீதிப் பேர் முகக்கவசம் தைக்கத் தொடங்கி, அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயர் நாளைக்கே தனக்கு மட்டும் சொந்தமாக வேண்டும் என்று போன் செய்தார்கள். அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரியிலும் லிஃப்ட் ஓடியாக வேண்டும் என்பதால் அண்ணனுக்கு மட்டும் வெளியே போக அனுமதி அட்டை இருந்தது. அவன் வந்ததும் அண்ணி வாசலிலேயே நிறுத்தி, கையில் சோப்பைக் கொடுத்து, பின்பக்கமாகக் குளியலறைக்கு விரட்டுவாள்.

அந்த சோப்பு உறைமேல் ஒரு வாத்து இருக்கும். அது தங்கையின் கட்சிக்காரருடையது. கணவன் மனைவி இருவரும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் தயாரித்த சோப்பு. ஊரே கை கழுவத் தொடங்கியதும் கடைகளில் நிற்காமல் போனது. அப்போதுதான் ஒரு பெரிய கம்பெனிக்குக் கண் உறுத்தியது. எங்கள் உறையில் அன்னம் இருக்கிறது, இந்த வாத்து அதைப் பார்த்து வரைந்தது, இதை ட்ரேட்மார்க்காகப் பதிவு செய்யக்கூடாது என்று ஆட்சேபணை போட்டது. குறித்த தேதிக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பிறகு வாத்து உறையைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லக் கம்பெனிக்கு வழி பிறந்துவிடும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

பதில் எழுதித் தயாராக இருந்தது. அதற்குள் சாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் சாரின் மகள் போன் செய்தாள். அவளும் தொற்றோடு தன் வீட்டில் அடைபட்டுக் கிடந்தாள். "அப்பாவை வென்டிலேட்டர்ல வச்சுட்டாங்க. நினைவில்லையாம். யாரையும் பாக்க விடமாட்டேங்கிறாங்க. கட்சிக்காரங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எல்லாரும் பைலைத் தூக்கிட்டு ஓடிடுவாங்க. நீங்க எப்பவும் போல பாத்துக்கோங்க" என்றாள்.

தங்கை போனை வைத்துவிட்டு, மேஜைமேல் தேய்க்காமல் விட்டிருந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எப்பவும் போல பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்கல்ல. டோக்கனைச் செருகு, போடு, முடிஞ்சுது" என்றான் அண்ணன்.

"எப்பவும் சார் படிச்சுட்டுத்தான் போடச் சொல்வார். இதை அவர் படிக்கலை. அவர் இருக்காரா இல்லையான்னே நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியாது."

"வாயை அலம்பு. இருக்கார்."

"நாளைக்கு நான் போடுற நேரத்துல இருப்பாரா? யார்கிட்ட கேக்கிறது?"

"கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியப்போகுது பாப்பா? அவனென்ன ஆஸ்பத்திரி வாசல்லயா உக்காந்திருக்கான்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்கு முதல் எழுத்து மாட்டிக்கொள்ளும். "நீ... நீ பாக்காத லிஃப்டுக்கு, பாத்தாச்சுன்னு அட்டையில கையெழுத்துப் போடுவியா?"

அண்ணன் போட்டதில்லை. லீவில் போனவனுக்காகப் போடச் சொல்லி மேலதிகாரி மிரட்டியபோதும், கயிற்றையும் பிரேக்கையும் பார்க்காமல் போடமாட்டேன் என்று உட்கார்ந்தவன் அவன். சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

தேதியைத் தள்ளி வைத்திருப்பார்கள் என்ற நப்பாசையும் இருந்தது. எல்லா வழக்குத் தேதிகளும் தள்ளிப்போகும் என்று செய்தியில் சொன்னார்கள். அவள் அப்படித் தள்ளி வைத்த ஆணையைத் தேடிப் படித்தாள். நீதிமன்றம் என்று இருந்தது, ட்ரேட்மார்க்கைப் பதிவு செய்யும் பதிவகம் என்று தெளிவாக இல்லை. பதிவகத்துக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரிந்த வக்கீல் ஒருவர் அந்த ஆணை இதற்குப் பொருந்தாது என்றார், இன்னொருவர் பொருந்தும் என்றார். "ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்றாங்க அண்ணா. அதான் பயமா இருக்கு" என்றாள்.

மிஞ்சியது ஒரே வழி. அவள் தன் பெயரிலேயே பதிலைப் போட வேண்டும். அதற்கு, இனி இந்த வக்கீல் எனக்காகப் பேசலாம் என்று கட்சிக்காரர் புதிதாகக் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம் வேண்டும். அதைக் கேட்க வேண்டுமானால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் சாரின் மகளுக்குக் கோபம் வரும், கட்சிக்காரர் ஓடினாலும் ஓடுவார். சொல்லாமல் கேட்டால் அது பொய். சாயங்காலம் வரை போனைக் கையிலெடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

கடைசியில் சாரின் மகளை அழைத்து, "இந்த ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லியே ஆகணும்" என்றாள். "உங்க இஷ்டம்" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

சோப்புக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். சாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் வார்த்தை மாட்டியது. அண்ணன் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தான். அண்ணி அவன் முழங்கையில் ஓர் இடி இடித்தாள். தங்கை மூச்சு வாங்கி, முதலிலிருந்து சொல்லி முடித்தாள்.

"ஐயோ" என்றார் சோப்புக்காரர். "சார் வரட்டும்மா. வந்து பாத்துக்கலாம். எல்லாத் தேதியும் தள்ளி வச்சாச்சுன்னு டிவில சொன்னானே. இப்ப போய் வக்கீலை மாத்தினா அவனுங்களுக்கு இளக்காரமாப் போயிடாதா? தப்பா நினைக்காதீங்க, உங்களை எனக்கு..."

"இங்க குடுங்க" என்று ஒரு பெண்குரல் போனைப் பிடுங்கியது. அவருடைய மனைவி. "விண்ணப்பம் என் பேர்லதானே இருக்கு? என்கிட்ட பேசுங்க. பதிலை எழுதினது சாரா, நீங்களா?"

"நான்."

"வாத்துக் கழுத்துக்கும் அன்னத்துக் கழுத்துக்கும் வித்தியாசம் சொல்லி எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"அதைப் படிச்சு நாங்க ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். சரியா எழுதியிருந்தீங்க. சரி, தேதி தள்ளிப்போச்சா இல்லையா? மழுப்பாம சொல்லுங்க."

"தெரியலைம்மா. தள்ளிப்போகலைன்னு வச்சுக்கிட்டுத்தான் நான் வேலை செய்யணும்."

"அப்ப தாளை அனுப்புங்க. ஆனா எங்க தெருவை அடைச்சிருக்காங்க. பிரிண்டர் கிண்டர் எல்லாம் கிடையாது."

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் கிளம்பினான். பத்திரத்தில் ஒன்றுக்கு மூன்றாகப் பிரதி எடுத்து, அட்டைக்குள் வைத்து, அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தான். "கல்யாணப் பத்திரிகையைக்கூட நீங்க இவ்வளவு பத்திரமா எடுத்துட்டுப் போகலை" என்றாள் அண்ணி.

தெருமுனையில் தகரம் அடித்திருந்தது. போலீஸ்காரர் அவனுடைய அனுமதி அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"லிஃப்ட் மெக்கானிக்கா? இந்தத் தெருவுல லிஃப்டே இல்லையேப்பா."

"ஒரு கையெழுத்து வாங்கணும் சார்."

"எதுக்கு?"

"ஒரு வாத்துக்கு சார்."

போலீஸ்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற தொண்டரிடம், "இவருக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாரு" என்றார்.

காய்ச்சல் இல்லை. விஷயத்தை முழுதாகச் சொன்ன பிறகு, தகரத்துக்கு மேலால் தாளை நீட்ட விட்டார். உள்ளே காத்திருந்த சோப்புக்காரரின் மனைவி தன் பேனாவாலேயே கையெழுத்திட்டுத் திருப்பி நீட்டினார். அண்ணன் கை வைக்குமுன் தொண்டர் கடமை தவறாமல் தாளின் இரண்டு பக்கமும் மருந்தைச் சுழற்றி அடித்தார். அண்ணனின் கண்ணெதிரே பெயர் நீலமாகக் கரைந்து ஓடி, தாளின் ஓரத்தில் சொட்டியது.

அவன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தான். இரண்டாவது பிரதியை எடுத்தான், கூடவே தன் பால்பாயிண்ட் பேனாவையும். "அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். இதை உறையில போட்டப்புறம் அடிங்க. எவ்வளவு வேணாலும் அடிங்க. வேணும்னா என்மேலயும் அடிங்க" என்றான். தொண்டர் அவன்மேலும் அடித்தார்.

வீடு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. தங்கை தன் டோக்கனை உறை பிரித்து வைத்திருந்தாள். நல்லவேளை, அது காலாவதியாக இன்னும் சில வாரம் பாக்கி இருந்தது. பத்திரத்தை ஸ்கேன் செய்து, பதிலோடு சேர்த்து, பதிவகத்தின் இணையதளத்தில் ஏற்றினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்து, மறுபடி முதலிலிருந்து ஏற்று என்றது. ஏற்றினாள். அண்ணி பக்கத்து அறையில் எல்லாப் போனிலும் இணையத்தை அணைத்து வைத்தாள். "ஒரு வாத்துக்காக இத்தனை பேர் பட்டினி கிடந்து இப்பதான் பாக்கிறேன்" என்று முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை ஏற்றியபோது வட்டம் நின்று, கையெழுத்திடலாம் என்று வந்தது. அதே நொடியில் தங்கையின் போன் அடித்தது. சாரின் மகள்.

தங்கையின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. போன் மேஜையில் அதிர்ந்து நகர்ந்து, பேனா டப்பாவை முட்டியது.

"எடுக்கட்டுமா?" என்றான் அண்ணன்.

"வேணாம். இதை முடிச்சுடறேன்" என்றாள். பிறகு, "இல்ல, எடு. எ... என்னன்னு தெரியாம என்னால போட முடியாது" என்றாள். அவன் எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. அவள் திரையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கடவுச்சொல்லை அடித்தாள். கடைசிப் பொத்தானை அவள் தட்டிய சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது.

ஒப்புகை வந்தது. வக்கீல் என்று போட்டிருந்த இடத்தில் அவளுடைய பெயர் முழுதாக, அப்பாவின் முதலெழுத்தோடு இருந்தது. அவள் அதைப் படிக்காமல் போனைத் திருப்பி அடித்தாள்.

"அப்பா அப்படியேதான் இருக்கார்" என்றாள் மகள். "நேத்து நான் வெடுக்குன்னு வச்சுட்டேன், அதான் கூப்பிட்டேன். அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கை தரையில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஒப்புகையைத் திறந்து திறந்து பார்த்தாள். எண்ணைச் சரிபார்த்தாள். பதில் சேராமல் போயிருந்தால், தன் பெயரைப் பார்த்துச் சோப்புக்காரர் மனம் மாறிவிட்டால், சாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கவலைப்பட்டாள்.

சார் பிழைத்து வந்தார். பாதியாக இளைத்து, மூக்கில் குழாயோடு. வீடியோவில் அவர் முதலில் கேட்டது வாத்தைப் பற்றித்தான். "உன் பேர்லயா போட்டே?" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேக்கிற மாதிரியா சார் இருந்தீங்க?" என்றாள். அவர் சிரிக்கப் போய் இருமினார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த சேதி வக்கீல்கள் வட்டாரத்தில் பரவத்தான் செய்தது. கம்பெனியின் வக்கீல் பதிவகத்துக்கு எழுதினார்: அந்த வெள்ளிக்கிழமை எதிர்த்தரப்பு வக்கீல் நினைவின்றி இருந்தார், ஆகவே அவர் பெயரில் வந்த பதில் எதுவானாலும் செல்லாது. பிறகு கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கடிதத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். பதில் செல்லுபடியானது. விசாரணையில் அவள் இரண்டு இடத்தில் திக்கினாள், இரண்டு முறையும் நிதானமாக முதலிலிருந்து சொன்னாள். வாத்து பதிவானது.

இதை எழுதும்போது தேதியில் தப்பு வந்துவிடக்கூடாது என்று அண்ணன் ஒப்புகையை வாங்கிச் சரிபார்த்துக்கொண்டான். அவள் முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்திட்டது 2020 ஜூன் 12, வெள்ளிக்கிழமை.