பூச்சரத்தை வெட்டச் சொன்ன அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்தத் திதியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அவருடைய படத்தைப் பார்ப்பீர்கள், பிள்ளைகள் எழுதிய பாட்டுகளை வாசிப்பீர்கள், பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவீர்கள். இந்தக் கட்டுரையை மட்டும் நின்று வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓராண்டாக நான் வாய் திறக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

அண்ணன் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. எங்கள் காம்பராவில் மழை ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் அடுப்படியில் சாக்கு விரித்துப் படுப்பார். அப்பா திடீரென்று இறந்துபோனபோது அண்ணன் பத்தாம் வகுப்பு. புத்தகங்களைக் கட்டி கூரைக்கடி அட்டாலில் போட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனார். அங்கே மேசை, கட்டில் என்று தளபாடம் செய்யும் இடமொன்றில் ஒன்பது வருடம் மரத்தூசி தின்றார். அம்மாவின் மருந்தும் என் கல்யாணமும் அந்தத் தூசியில் நடந்தவைதான்.

ஊர் திரும்பி, திருமணம் முடித்து, தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரமாகச் சொந்தப் பட்டறை போட்டார். கதவு, ஜன்னல், கூரை மரம் எல்லாம் செய்வார். ஆனால் மெதுவாகச் செய்வார். அண்ணனிடம் கல்யாணத்துக்கு அலுமாரி சொன்னால் வளைகாப்புக்குத்தான் வரும் என்று ஊரில் கேலி உண்டு. அவர் கோபிக்கமாட்டார். "வளைகாப்புக்கு வந்தாலும் பேரன் காலத்துக்கு இருக்கும்ல," என்பார். என் கணவர் காலமாகி நான் தோட்டத்துக்கே திரும்பி வந்தபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் உப்புத்தாளும் வார்னிஷும் கையில் கொடுத்து உட்காரவைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில்தான் நானும் இருந்தேன்.

அவர் கையால் அறுத்துக்கொண்டிருந்த காலம் போய் மைட்டர் மெசின் வாங்கப் புறப்பட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரத்தை வேண்டிய கோணத்துக்குத் திருப்பியும் சாய்த்தும் ஒரே இழுப்பில் வெட்டும் மெசின் அது. ஹட்டனில் கடைக்காரர் முன்னும் பின்னும் ஓடுகிற பெரிய மெசினைக் காட்டினார். அண்ணன் அதன் கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "இது தள்ளாடுதுங்க. எங்க வேலைக்கு இவ்வளவு அகல மரம் வராது," என்று சொல்லி, பத்தங்குல பிளேட் போட்ட சாதாரண மெசினைக் கேட்டார். பையிலிருந்து தன்னுடைய மூலைமட்டத்தை எடுத்து பிளேட்டுக்கும் மரம் சாயும் பலகைக்கும் நடுவே வைத்து நேர் பார்த்தார். பிளேட்டும் மோட்டாருக்குள் தேயும் கார்பனும் ஹட்டனிலேயே கிடைக்குமா, கண்டிக்கு ஓடவேண்டுமா என்று விசாரித்தார். கடைசியில் மெசினின் கையைக் கீழே அமுக்கி மேலே விட்டார். அமுக்கும்போது பிளேட்டின் மூடி தானாக விலகவேண்டும், மேலே வரும்போது 'டக்' என்று மூடவேண்டும். பத்துத் தடவை செய்து பார்த்தார்.

"என்ன அண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"பொண்ணுன்னா தப்பாப் போனா பேசித் தீத்துக்கலாம். இது பேசாதே," என்றார் அண்ணன்.

அந்த மெசினோடு அவர் நடந்துகொண்ட விதத்தை எழுதவேண்டியது என் கடமை. மேசையில் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிச் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டார். கோட்டைத் தாண்டிக் கை போகக்கூடாது. குட்டி மரமென்றால் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டார். நீள மரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் அடித்துவைத்தார், மனிதரைப் பிடிக்கச் சொன்னதில்லை. கையுறை போடமாட்டார், பிளேட் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்பார். கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொட்டதில்லை. நான் முந்தானையைச் செருகாமல் பக்கத்தில் போனால் மெசினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார். வெட்டி முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேட் முழுக்க நிற்கும்வரை மெசினின் கையைக் கீழேயே வைத்திருப்பார். நின்ற பிறகுதான் மேலே தூக்குவார். சனிக்கிழமை மாலை பிளக்கைக் கழற்றி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்துவிட்டு, பைன் மரப்பிசினை மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொண்டு பிளேட்டிலிருந்து தேய்த்தெடுப்பார். மூடிக்குள் அடைந்த தூளை ஊதித் தள்ளுவார். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன்? அண்ணன் போனபிறகு நம்மில் சிலர் பேசிய பேச்சு என் காதுக்கு வந்தது. "கவனமில்லாம வேலை செஞ்சிருப்பாரு" என்றார்கள். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், "காலையிலயே ஊத்திட்டு நின்னாராம்" என்றார்கள். செத்த வீட்டில் எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். அண்ணன் ஒரு சொட்டுத் தொட்டவரல்ல. நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும், தெரியும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேனே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருட ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. பட்டறையைக் கழுவி, உளி, இழைப்புளி, மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பூ கட்டிச் சாத்துவது என் வேலை. மெசினின் கைப்பிடியில் தொடங்கி, மூடியைத் தூக்கி இறக்கும் சின்னக் கம்பியைச் சுற்றி, விழுந்துவிடாமல் இருக்க இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நல்ல நைலோன் நூல். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் பட்டறை திறக்கவில்லை. புதன்கிழமை காலை அண்ணன் மெசினின் கையை அமுக்கி மேலே விட்டார். 'டக்' வரவில்லை. மூடி பாதியில் நின்றது.

"தங்கச்சி, இந்தப் பூவை வெட்டிரு. மூடி விழ மாட்டேங்குது."

"சாமிக்கு வச்ச பூவ வெட்டக்கூடாதுண்ணே. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுட்டு நானே அவுக்கிறேன்."

அவர் என்னையும் மெசினையும் மாறிமாறிப் பார்த்தார். கத்தரிக்கோல் அவர் பக்கத்திலேயே கிடந்தது. "சரி, ரெண்டு நாள்தானே," என்று அன்று முழுக்கக் கைவாளால் அறுத்தார். தாலி இழந்து வந்தவள் சாமி காரியத்தில் ஆசையாகச் செய்ததைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அடம்பிடித்தேன்.

அன்று மாலை வீசிய காற்று தோட்டத்தின் மேல் பிரிவு லயத்தின் கூரைத் தகரங்களை மரத்தோடு பிடுங்கிக்கொண்டு போனது. மழை விடவில்லை. கைப்பிள்ளைக்காரிகள் உட்படப் பதினோரு குடும்பம் பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கியது. வியாழன் விடிந்ததும் ஆட்கள் வந்து நின்றார்கள். "அண்ணே, கூரை மரம் மட்டும் வெட்டித் தாங்க, நாங்களே ஏத்திக்கிறோம்." வாழ்க்கையில் அவசரப்படாத மனிதர் அன்று அவசரப்பட்டார். மழை ஒழுகும் காம்பராவில் வளர்ந்தவரல்லவா? கைவாளை வைத்துவிட்டு, பூச்சரத்தோடேயே மெசினைப் போட்டார்.

இருபது, முப்பது மரம் ஒழுங்காகத்தான் வெட்டினார். பிறகு எந்த மரத்திலோ, பிளேட் நிற்குமுன் மெசினின் கையைத் தூக்கிவிட்டு, வெட்டுண்ட துண்டைத் தள்ள இடது கையை நீட்டினார். மனிதன் ஒரு தடவை தவறுவான். அந்த ஒரு தடவைக்காகத்தான் மூடி வைத்திருக்கிறார்கள். மூடி என் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டின் உள்பக்கம். துவாயால் இறுக்கிக் கட்டினோம். மேல் பிரிவுப் பையன்கள் ஆட்டோவில் ஏற்றினார்கள். மண் சரிந்து ரோடு பாதி மூடிக் கிடந்ததால் வழியில் இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். போய்ச் சேர்ந்தபோதே உடம்பில் இரத்தம் இல்லை. ஆட்டோவில் அவர் தலை என் மடியில் இருந்தது. "மரம் எல்லாம் வெட்டி முடிச்சாச்சா?" என்று ஒரு தடவை கேட்டார். முடிந்தது என்று பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் பூ அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அண்ணனைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மாமா வந்து, "ரத்தம் குடிச்ச மெசின் வீட்ல இருக்கக்கூடாது, வாங்குன நேரம் சரியில்ல," என்றார். நேரத்தின்மேல் பழி போனது எனக்கு வசதியாக இருந்தது. தலையாட்டினேன். அண்ணிதான், "அது எங்களுக்குச் சோறு போட்ட மெசின், இருக்கட்டும்," என்று ஒரே வார்த்தையில் முடித்தார். கொழும்பிலிருந்து வந்த மூத்த மகன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அதே மெசினில் மீதி மரத்தை வெட்டி மேல் பிரிவுக்குக் கூரை ஏற்றிக் கொடுத்தான்.

இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது நான் அண்ணியிடம் போனேன். நூலைப் பற்றிச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும். மெசினைக் கழுவுனது நான்தானே? நூலை நான்தான் வெட்டி அடுப்புல போட்டேன்."

"ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்க உயிரோட இருந்திருப்பீங்களா?" சுளகை இறக்கி வைத்தார். "இப்ப எழுதுங்க. அவரைக் குடிகாரன்னு சொன்னவங்க வாசிக்கட்டும்."

எழுதிவிட்டேன். அண்ணன் கவனமில்லாதவர் அல்ல. மூடி விழவில்லை என்று கண்டுபிடித்தவர் அவர், வெட்டச் சொன்னவர் அவர், தடுத்தவள் நான்.

மண்சரிவில் அவரைத் தோளில் சுமந்த மேல் பிரிவுப் பையன்களுக்கும், ஆட்டோக்காரத் தம்பிக்கும், கடைசிவரை முயன்ற வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பெரியவிடாமல் சோறு கொண்டுவந்த லயத்தாருக்கும், பாலத்தடியிலிருந்து இழவு வீட்டில் ஆட்கள் உட்காரப் பலகை வாங்குகளைச் சுமந்து வந்த சிங்கள அயலவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களில் பலர் வீட்டில் மெசின் ஓடுகிறது. அரைக்கும் மெசினோ அறுக்கும் மெசினோ, இன்று வீட்டுக்குப் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் தூக்கி விட்டுப் பாருங்கள். 'டக்' என்று விழவேண்டும். பூச்சரம் தடுத்தால் வெள்ளிக்கிழமைவரை வைக்காதீர்கள், அந்த நிமிடமே வெட்டுங்கள். சாமி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

தங்கை