பரிபூரணம் வைத்த உச்சவரம்பு

பரிபூரணத்துக்கு ஒரு காரியத்தைத் தொட்டால் விடத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், முப்பது வயதுக்கு மேல் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையாட்டி?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. தொண்ணூற்றெட்டில், ராஜபாளையத்துக்கும் செட்டியார்பட்டிக்கும் நடுவே ஒரு நூல் மில்லில் அவளுக்கு வேலை கிடைத்ததும் அத்தனை வாயும் கப்சிப் என்று ஆகிவிட்டது.

நூற்பு ஷெட்டின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் அவளும் ஒரு கம்ப்யூட்டரும். மெஷின்களில் நூல் சுற்றும் கதிர்கள் எத்தனை சுற்றுச் சுற்றுகின்றன என்று கம்ப்யூட்டருக்குள் செருகிய ஒரு கார்டு எண்ணி அனுப்பும். எந்த மெஷின் சுணங்குகிறது என்று கம்ப்யூட்டர் காட்டிக் கொடுக்கும். புரோகிராம் முழுக்க அவள் எழுதியது. தொல்லை என்னவென்றால், அந்த ஷெட்டில் பஞ்சு பறக்கும். அது கம்ப்யூட்டரின் ஃபேனில் போய் அடையும். காற்று இல்லாமல் பிராசஸர் கொதித்து, திரை அப்படியே உறைந்துபோகும்.

சும்மா விடுவாளா? புரோகிராம்கள் அத்தனைக்கும் அடியில் இருந்து வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிற கெர்னலுக்குள்ளேயே கை வைத்தாள். சூடு ஏறினால் பிராசஸரின் வேகம் குறையும், ஆறினால் கூடும். லினக்ஸ் என்பதால் உள்ளே திறந்து எழுத முடிந்தது. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

முதலாளி சுப்புராஜ் தடுப்புக்குள் வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னொரு தடவ இது நின்னா அம்புட்டுத்தான். கம்ப்யூட்டரும் வேண்டாம், அதுக்கு ஒரு ஆளும் வேண்டாம். பழையபடி சூப்பர்வைசர் நடந்து பாத்துக்கிடட்டும்."

ஊருக்குத் திரும்பிப் போனால் அந்தச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்களே என்பது ஒருபுறம். தன் கையால் எழுதியது தோற்கிறதே என்ற ஆத்திரம்தான் பெரிது. அந்த ஆத்திரத்தில் ஃபிட்டர் சங்கையாவைப் பிடித்துக்கொண்டாள். மெஷினில் பஞ்சு போக ஏர் அடிக்கிற ஹோஸ் அந்த மனிதர் கையில் இருந்தால் எதிரே எது இருந்தாலும் ஊதிவிடுவார். நல்லது செய்வதாக நினைத்துக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஊதி, பஞ்சை உள்ளே திணித்து, முன்பே ஒருமுறை அவளிடம் திட்டும் வாங்கியிருந்தார்.

"ஒங்களாலதான் அண்ணாச்சி என் வேலை போகப் போகுது!"

"டீச்சரம்மா, மாரியாத்தா மேல சத்தியமாச் சொல்லுதேன். நீங்க சத்தம் போட்டதுலருந்து அங்கிட்டு நான் ஹோஸ கொண்டு வரல."

அவர் சொன்னது உண்மைதான். சுத்தமாகத் துடைத்து வைத்த பிறகும் கம்ப்யூட்டர் நின்றது. முதலாளி கண்ணில் படுவதற்குள் மறுபடி ஓட வைத்துவிட்டு, உட்கார்ந்து கவனித்தாள். ஒவ்வொரு தடவையும், மெஷின் கணக்கை அச்சடிக்கிற ரிப்போர்ட் எடுத்த சற்று நேரத்தில்தான் நிற்கிறது.

பிடிபட்டது. ரிப்போர்ட் கனமான வேலை. ஆரம்பிக்கும்போது அப்போதைய வேகத்தைக் குறித்துக்கொண்டு, முழு வேகம் கேட்கும். முடிந்ததும் குறித்து வைத்ததைத் திருப்பிப் போடும். இடையில் சூடு ஏறி வேகம் குறைக்கப்பட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. பழைய வேகத்தையே எழுதிவிட்டுப் போய்விடும். சூட்டைக் கவனிக்கிற பகுதியோ, நாம்தான் குறைத்தாயிற்றே என்று சும்மா இருக்கும். பிராசஸர் வெந்து சாகும். வேகத்துக்கு ஒரே ஒரு எண் வைத்து, கடைசியாக எழுதினவன் பேச்சே செல்லும் என்று ஆக்கி வைத்தது யார்? சாட்சாத் பரிபூரணமேதான். தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்கு என்ன வழி என்று தெரியாமல் ஷெட்டுக்குள் நடந்தபோது ஒரு மெஷின் நின்றிருந்தது. சங்கையா வேலையை முடித்து, மெயின் சுவிட்சில் தொங்கிய தன் பித்தளை வில்லையைக் கழற்றிக்கொண்டார். ரிப்பேர் பார்ப்பவர் அவரவர் நம்பர் போட்ட வில்லையைத் தொங்கவிட வேண்டும், அது தொங்கும்வரை மெஷினை ஓட்டக் கூடாது என்பது அந்த மில்லில் பழக்கம்.

ஸ்பின்னிங் மாஸ்டர் குருசாமி கத்தினார். "ஓட்டுய்யா! எம்புட்டு நேரம்?"

"எலக்ட்ரீசியன் வில்லை தொங்குதே சார்."

"அவன் சாப்பிடப் போயிட்டான். கழட்டிப் போட்டுட்டு ஓட்டு!"

"என் வில்லையக் கழட்டிட்டேன். அவரு வில்லைய அவருதான் தொடணும்."

குருசாமி பல்லைக் கடித்தார். ஆனால் அவரும் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பரிபூரணம் விறுவிறுவென்று தடுப்புக்குள் திரும்பிவிட்டாள்.

கெர்னலில் இருந்த அந்த ஒற்றை எண்ணை அழித்தாள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம் கொடுத்தாள். "இதற்கு மேல் போகாதே" என்று சூடு சொல்லும். "இதற்குக் கீழே இறங்காதே, எண்ணிக்கை தப்பும்" என்று கார்டு சொல்லும். ரிப்போர்ட் தன் ஆசையைச் சொல்லும். உச்சவரம்புகளில் ஆகக் குறைந்தது எதுவோ அதுதான் உச்சம். கீழ்வரம்புகளில் ஆகக் கூடியது எதுவோ அதுதான் கீழ்மட்டம். இரண்டும் மோதினால் உச்சவரம்பு சொல்வதே நடக்கும். ஒருவர் விலகினால் அவர் சொன்னது மட்டும் போகும். மற்றவர்கள் சொன்னதை வைத்துக் கெர்னல் மறுபடி கணக்குப் போடும். அடுத்தவர் இடத்தில் எழுத எவருக்கும் வழி கிடையாது.

கத்திரி வெயிலில் சோதனை வந்தது. திருப்பூரிலிருந்து நூல் வாங்க வந்தவர் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட் உடனே வேண்டும் என்று முதலாளியே வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். திரை ஊர்ந்தது.

"என்னம்மா இது, நகரவே மாட்டேங்குது? வேகத்தக் கூட்டு."

"சூடு ஏறியிருக்கு சார். செத்த நேரம் பொறுங்க."

"அங்க ஆளு காத்துக்கிட்டிருக்காரு. கூட்டுன்னா கூட்டு!"

முதலாளி பெயரில் புதிதாக ஓர் இடம் திறந்து, அதில் முழு வேகம் என்று அவர் கண்ணெதிரே எழுதினாள். வேகம் அசையவில்லை. சூட்டைக் கவனிக்கிற பகுதியையே நிறுத்திவிட அவளுக்கு ஒரு வரி போதும். விரல் துறுதுறுத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். போனால் இந்த வேலை போகட்டும், எழுதினது தப்பில்லை.

"நான் சொன்னாக்கூடக் கேக்காதா?" அவர் முகம் சிவந்துவிட்டது.

"கேட்டுருச்சு சார். எல்லாரு சொன்னதையும் கேட்டுத்தான் மெதுவா ஓடுது."

சுப்புராஜ் தன் வீட்டு மொழியான தெலுங்கில் என்னவோ முணுமுணுத்தார். ஆனால் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டே திரையைப் பார்த்தார். வேர்வை சொட்டியது. பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளையும் மிச்சம் வைக்காமல் முடித்தது. அப்புறமும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வழக்கமாக நிற்கிற நேரம் தாண்டியும் திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன.

அவர் தாள்களை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

"ரெண்டாவது ஷெட்டுக்கும் ஒண்ணு வாங்குவோம். என் பேர்ல எடம் போட்டியே, அது அங்கயும் இருக்கட்டும்."

"இருக்கும் சார். ஆனா அங்கயும் இப்படித்தான் இருக்கும்."

"தெரியும்மா" என்றார் முதலாளி. "அதனாலதான் வாங்கச் சொல்லுதேன்."