கண்ணடித்து மீட்ட பென்ஷன்

என் கணவர் மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் நிற்காமல் வர, வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் பேங்க் மெஷினில் அவருடைய தேய்ந்த கைரேகை பதியவே இல்லை. பின்னால் நீள வரிசை. வேறு வழி உண்டா என்று கேட்கக் கூச்சப்பட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சில மாதங்களில் பென்ஷன் நின்றது. எனக்குச் செலவு வைக்கக் கூடாதென்று, பிரஷர் மாத்திரையை அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார். அது தெரிந்த அன்று, எங்கள் லைன் வீடுகளுக்குத் தபால் கொண்டுவரும் பெண்ணிடம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

“இப்பெல்லாம் முகத்தக் காட்டினாப் போதுமுங்க்கா,” என்று தன் செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “அண்ணா, கண்ணச் சிமிட்டுங்க.”

இவர் என்னைப் பார்த்தார். “ஏம்புள்ள, இந்த வயசுல இந்தப் பொண்ணு கண்ணடிக்கச் சொல்லுது!”

“கல்யாணத்தன்னிக்கு அடிச்சீங்கல்ல? அடிங்க.”

வெட்கத்தோடு ஒற்றைக் கண்ணை அடித்தார். போன் ஏற்கவில்லை.

“ஐயோ அண்ணா, ரெண்டு கண்ணையும் மூடித் தொறங்க!”

மூன்று பேரும் சிரித்து அடங்கியபின்தான் சான்று பதிந்தது. அடுத்த மாதமே பென்ஷன் வந்தது.

இப்போது வருடா வருடம் முன்கூட்டியே பேங்குக்குப் போய், “இந்த வருசம் என்னங்க மாறியிருக்கு?” என்று நானே கேட்கிறேன். காலையில் அவர் மாத்திரையை விழுங்குவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் டீ ஆற்றுகிறேன்.