ஆறு அடுப்புக்கும் ஒரு எண்

அகழாய்வுக் குழியில் அவளை எல்லோரும் சல்லடைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன் இருபது வருஷம், கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஆட்களுக்கு ஆக்கிப் போட்டவள். கொத்தனாரான கணவன் சாரத்திலிருந்து விழுந்து, ஒற்றை அறை வீட்டில் சுவரோடு சாய்ந்துவிட்ட பிறகு, நடந்து போகும் தூரத்தில் கிடைத்த வேலை இது. தோண்டிய மண்ணைச் சலிக்க வேண்டும். மிஞ்சுகிற ஓட்டுச் சில்லு, எலும்பு, மணி எதுவானாலும் பையில் போட்டு, எண் எழுதிய சீட்டையும் கூடவே வைக்க வேண்டும்.

அந்தச் சீட்டில்தான் சங்கதி. மண் நிறம் மாறினால் புது அடுக்கு, புது அடுக்குக்குப் புது எண். சீட்டைக் குழியின் பக்கவாட்டில் ஆணியடித்துவிட்டால், அளந்து படம் வரைந்து பதிவேட்டில் எழுதும்வரை அங்கே மண்வெட்டி படக்கூடாது. எண்கள் வரிசையாகப் போகும். நடுவில் ஒன்றை முழுங்கினால் தலைமையகம் கேள்வி கேட்கும். முதல் நாளே வெயிலில் நிற்கவைத்து இந்தப் பாடத்தை நடத்தியவர் இயக்குநர். பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். அவள் விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, தோண்டிக்கொண்டிருந்த பழைய கோட்டைச் சுவரை ஒட்டிக் கரி படிந்த மண் தெரிந்தது. அதில் வரிசையாக ஆறு குழிகள். இயக்குநர் மேலே நின்றபடியே பார்த்தார்.

"ஏதோ வழிபாட்டுக் குழி. ரெண்டு போட்டோ எடுத்துட்டு நாளைக்கு வெட்டி இறக்கிடுங்க. வெள்ளிக்கிழமை தலைமையகத்துப் பெரியவங்க வர்றாங்க. அதுக்குள்ள சுவரோட அடி தெரியணும்."

புரியாத பள்ளமெல்லாம் வழிபாடு. படித்தவர்களுக்கு அப்படி ஒரு சௌகரியம்.

"சார், இது அடுப்பு," என்றாள் அவள்.

"சல்லடை, வாயையும் கொஞ்சம் சலிச்சுட்டுப் பேசு," என்றார் மேஸ்திரி.

அவள் அகழாய்வுக் குழிக்குள் இறங்கினாள். ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் தரையில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்றின் முன் குந்தி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் அளவெடுத்த மாதிரி பொருந்தின.

"வருஷக்கணக்கா ஒரே இடத்துல குந்தி ஆக்கினா தரை இப்படித்தான் அமுங்கும். ஆறு அடுப்பு ஒரு வீட்டுக்கு எதுக்கு சார்? சாம்பலைச் சலிச்சா கல்லு செதுக்கின சில்லுதான் வருது. சுவர் ஏறிக்கிட்டிருக்கும்போதே இங்க உலை கொதிச்சிருக்கு. கட்டினவங்களுக்கு ஆக்கின இடம் இது."

"சலிக்க வந்தியா, எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு இயக்குநர் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் மண் சுமந்தாள். பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள். "அண்ணி, சும்மா இருங்க. வேலை போனா அண்ணனுக்கு மருந்து யாரு வாங்குவா?"

"உங்க அண்ணன் எத்தனை வீடு கட்டியிருக்கார்? எதுலயாவது அவர் பேர் இருக்காடி?"

"இல்லை."

"அப்ப இதையும் வெட்டிக் கொட்டிடுவோம், வா. எல்லாம் ஒண்ணுதானே."

நாத்தனார் போய்ச் சுத்தியலை எடுத்து வந்து கொடுத்தாள்.

அடுத்த எண் நாற்பத்தொன்று. அவள் சீட்டில் எழுதிக் கரிமண்ணில் ஆணியடித்தாள். அன்று அங்கிருந்து சலித்த பதினோரு பைகளிலும் அதே எண்ணை வைத்துக் கட்டிச் சேமிப்பறைக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை மண்வெட்டிக்காரர்கள் சீட்டைப் பார்த்துவிட்டு நின்றார்கள். இயக்குநர் வந்தார்.

"யார் அடிச்சது?"

"நான்தான் சார்."

"பிடுங்கு."

"பிடுங்கலாம். சேமிப்பறையில பதினோரு பை இருக்கு, எல்லாத்துலயும் நாற்பத்தொண்ணு. அடுக்கே இல்லாம பை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? எண்ணை முழுங்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இன்னியோட உன்னை நிறுத்திடுவேன்."

"நிறுத்துங்க. படம் வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

போய் மூன்றாவது அடுப்பின் முன் குந்தினாள். நாத்தனார் நான்காவதன் முன். மண் சுமக்கும் பெண்களில் இன்னும் இருவர் வந்தார்கள். இரண்டு அடுப்பு காலியாகவே இருந்தது. வராதவர்களைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் உலை.

இயக்குநர் அவளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கடைசியில் படம் வரைபவரைக் கைகாட்டினார். அவர் பலகையோடு இறங்கினார்.

"காலைக் கொஞ்சம் எடும்மா. பள்ளத்தை அளக்கணும்."

பிற்பகல் வரை அளந்தார். எழுதி முடித்ததும் அவள் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"சத்தமா படிங்க."

"அடுப்புகள் ஆறு. முன்னால் சமைத்தவர்கள் குந்திய பள்ளங்கள் பன்னிரண்டு. சாம்பலில் கல் செதுக்கிய சில்லுகள்."

"வழிபாடுன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லைம்மா."

"சாரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

போட்டார். போட்ட கையோடு அவளை வேலையிலிருந்து நீக்கினார். அளந்ததில் ஒரு நாள் போய்விட்டதால், வெள்ளிக்கிழமை வந்த பெரியவர்களுக்குச் சுவரின் அடி தெரியவில்லை.

நீக்கிய அன்று சாயங்காலம் கணவன் கேட்டான்: "வேலை போச்சா?"

"போச்சு."

"அடுப்பு?"

"எழுதியாச்சு. கையெழுத்தோட."

அவன் சுவரில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நாளைக்கு எங்க போய் வேலை கேப்பே?"

"அங்கதான். சுவரோட அடிக்கு இன்னும் மூணு அடி மண்ணு இருக்கு, சலிக்க ஆள் வேணும். இல்லைன்னு அவர் என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும்."