காத்து புகுந்த எல்.என்.பி.

எண்கள் மேல் யோப்பிக்கு இருந்த மரியாதை பாதிரியார் மேல்கூடக் கிடையாது. தொண்டானோ ஏரிக்கு மேலே இருக்கிற அந்த ஊரில் இருபது வருடமாக டிஷ் மாட்டுகிறவர் அவர்தான். அவர் வெளியே நின்று டிஷ்ஷை அரை விரல் அரை விரலாகத் திருப்புவார். மனைவி மெய்ட்டி உள்ளே டி.வி. முன்னால் உட்கார்ந்து, திரையில் வருகிற எண்ணைக் கத்திச் சொல்வாள். யார் வீட்டு வேலையானாலும் அவளும் கூடப் போவாள். அவள் குரல் ஏரி வரை கேட்கும்.

"பலம் தொண்ணூத்தி அஞ்சு!"

"பலம் கெடக்கட்டும்டி, தரத்தைச் சொல்லு!"

"சைபர்!"

சிக்னலில் பலம் என்பது வெறும் கூச்சல், தரம்தான் பேச்சு என்று கண்டவரையெல்லாம் நிறுத்தி விளக்குவார் யோப்பி. "நம்பர் பொய் சொல்லாது" என்று முடிப்பார். கேட்கிறவர்கள் அந்த முடிவுக்காகவே பொறுமையாக நிற்பார்கள்.

ஒரு சனிக்கிழமை ஊர்த்தலைவர் லெண்டி மனாடோ நகரத்திலிருந்து புது எல்.என்.பி. வாங்கி வந்தார். டிஷ்ஷின் நடுவே கம்பிகளின் உச்சியில் உட்கார்ந்து சிக்னலைப் பிடிக்குமே, அந்தச் சாமான். அதன்மேல் பதினேழு கெல்வின் என்று அச்சடித்திருந்தது. ஊரில் மற்ற எல்லாருடையதும் இருபத்தைந்து. மறுநாள் பேட்மின்டன் இறுதி ஆட்டம். வாழைக்காய் வறுவல் கடையில் எல்லாரும் யோப்பியை மொய்த்துக்கொண்டார்கள்.

"கெல்வின்னா சூட்டோட கணக்கு. உள்ள சூடு கம்மின்னா இரைச்சல் கம்மி. இரைச்சல் கம்மின்னா தரம் ஜாஸ்தி."

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் பேச்சை ஊரே காது கொடுத்துக் கேட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தலைவர் வீட்டு முற்றத்தில் அறுபது பேர். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் திரை நீலமாகிவிட்டது. யோப்பியையும் மெய்ட்டியையும் ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள்.

"யோப்பி, நம்ம ஆளுங்க ஜெயிக்கிறதை இந்த ஊரு பார்க்கலன்னா, நீ தொடுற கடைசி டிஷ் இதுதான். மனாடோக்காரனை வரச்சொல்லிடுவேன்," என்றார் தலைவர்.

யோப்பி ஸ்டூல்மேல் ஏறிப் பார்த்தார். எல்.என்.பி.யின் வாயை மூடி ஈரத்துண்டு. துண்டுக்குள் மீன் கடை ஐஸ். துண்டை உருவப் போனார்.

"ஐயையோ, தொடாதேண்ணே!" தலைவர் மனைவி ஒல்கா ஓடி வந்தாள். "ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து மூணு தடவை ஐஸ் மாத்தியிருக்கேன்!"

"ஒல்கா, தண்ணி சிக்னலை மறைக்கும்மா. நான் சொன்ன சூடு வேற. அது உள்ள இருக்கிற கருவியோட..."

"நேத்து சூடு கம்மியானா நல்லதுன்னே. இன்னிக்கு கூடாதுங்கறே. உனக்கே தெரியலன்னு சொல்லிட்டுப் போயேன்."

"மெய்ட்டி, தரம் எவ்வளவு?"

"சைபர்!"

"கேட்டீங்களா? நம்பர் பொய் சொல்லாது!"

"அப்போ ஐஸ் பத்தலை," என்றார் தலைவர். அறுபது பேரும் தலையாட்டினார்கள். ஒருவன் வாளியோடு மீன் கடைக்கே ஓடினான்.

யோப்பிக்கு அழுகை முட்டியது. இருபது வருடம் உண்மையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ரேடியோ வைத்திருந்த ஒருவர் கடைசி செட் பதினெட்டுக்குப் பதினெட்டு என்று கத்தினார். யோப்பி கண்ணை மூடிக்கொண்டார். எல்.என்.பி.யின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"அடப்பாவமே," என்றார். "இதுக்குக் காத்து புகுந்திருக்கு."

முற்றமே உச்சுக்கொட்டியது. கெல்வின் புரியாதவர்கள் உண்டு, ஈரத்தாலும் குளிராலும் உடம்புக்குள் காற்று புகுந்து படுத்துவது தெரியாதவர் அந்த ஊரில் எவருமில்லை. அப்படிப் புகுந்தால் எண்ணெய் தடவி முதுகில் காசால் சுரண்டியாக வேண்டும். ஒல்காவே பாய்ந்து துண்டை உருவி எறிந்தாள். "ஈரத்தோட வெச்சுட்டேனே, பாவி!" தன் மேல்துணியால் அதன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"எழுபத்தி ஒண்ணு!" மெய்ட்டியின் அலறல் கேட்டது. நம் ஜோடி இருபத்தொன்றாவது புள்ளியை எடுப்பதை ஊரே பார்த்தது. தலைவர் யோப்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மானமும் பிழைப்பும் தப்பின. பொய் சொல்லிவிட்டோமே என்று யோப்பிக்குத்தான் கையில் திணித்த வறுவல் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஊர் முழுக்கத் தைல வாசனை. வீட்டுக்கு வீடு ஸ்டூல், ஸ்டூல்மேல் ஒரு ஆள். யோப்பியின் வீட்டு டிஷ்ஷுக்கு முன்னாலும் மெய்ட்டி ஸ்டூலில் ஏறி நின்று, எல்.என்.பி.யைக் காசால் சரக் சரக்கென்று சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீயுமாடி? அது பொய். கூட்டத்தைச் சமாளிக்கச் சொன்னது."

"உள்ள போய் நம்பரைப் பாரு."

போனார். அந்த டிஷ்ஷில் இருபது வருடமாக அறுபத்தெட்டுக்கு மேல் அவரால் ஏற்ற முடிந்ததில்லை. இப்போது எழுபத்து நான்கு. சுரண்டிய வேகத்தில் எல்.என்.பி. அரை விரல் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்று அவருக்கு உடனே புரிந்தது. சொல்ல வாயைத் திறந்தார்.

"தரம் எவ்வளவு?" வெளியிலிருந்து மெய்ட்டி கேட்டாள்.

"எழுபத்தி நாலு."

சரக், சரக்.

"இப்போ?"

யோப்பி திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எழுபத்தி ஆறு."

"கேக்கலை, சத்தமா சொல்லு!"

"எழுபத்தி ஆறு!" என்று அவர் கத்தியது ஏரி வரை கேட்டது.