மாமாவின் ஹோர்ன்களும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஓர் ஆங்கிலச் சொல் மட்டும் வாடகை கொடுக்காமல் நிரந்தரமாகக் குடியிருந்தது. டிஸ்டர்பன்ஸ் என்பது அந்தச் சொல். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாமாவாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவின் தம்பியான அவர் கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். பாட்டு நடுவில் கரகரத்தால் வயரைப் பிடித்துப் பார்த்து, "லைனிலை டிஸ்டர்பன்ஸ்" என்பார். அவரிடமிருந்து ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அது வயிற்றில் வந்தது, பலாப்பழம் சாப்பிட்ட மறுநாள் தவறாமல் வரும். அம்மாவுக்கு, மத்தியானம் உலையை இறக்குகிற நேரம் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிற சொந்தக்காரர்தான் டிஸ்டர்பன்ஸ்.

ஒரு காலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பாவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார். "அந்த டிஸ்டர்பன்ஸோடை வந்தனான், பிறகு அந்தப் பக்கம் போகேல்லை" என்று மட்டும் சொல்வார். கலவரத்தில் கடையைக் கொளுத்திவிட்டார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கொழும்பு சத்தம் கூடிய ஊர், பெரியப்பாவுக்குச் சத்தம் ஒத்துவராது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

சின்னம்மாவின் அகராதியை எடுத்து ஒருநாள் அந்தச் சொல்லைத் தேடினேன். தொந்தரவு, இடைஞ்சல், குழப்பம், கலகம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. தொந்தரவில் தொடங்கிக் கலகத்துக்குப் போய்ச்சேர ஒரு வரிகூட முழுதாகத் தேவைப்படவில்லை. எழுதியவர் எங்கள் பக்கம் வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. எங்கள் வீட்டுக்குப் போகிற குறுகிய ஒழுங்கை இணுவிலுக்கும் மானிப்பாய்க்கும் இடையில், புகையிலைத் தோட்டங்களின் நடுவே இருந்தது. ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில். அம்மாவின் கடைசித் தங்கையான சின்னம்மா எங்களுடன் இருந்துதான் படித்தாள். உயர்தரச் சோதனையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் பல்கலைக்கழகத்தின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள். மூன்றாம் தரந்தான் கடைசி, அதற்கு மேல் எழுத விட மாட்டார்கள். இந்த முறையும் தவறினால் கனடாவில் இருந்து வந்திருக்கும் ஒரு சம்பந்தத்துக்கு ஓம் சொல்வதாக அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையின் படத்தை அம்மா சாமி அலுமாரிக்குள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தா. சின்னம்மா அதற்குப் பிறகு சாமி கும்பிடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

அந்த வருடம் சோதனை, கோயில் திருவிழாவுக்கு நடுவில் வந்து விழுந்தது.

எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். மூன்றாம் திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் நாலாம் திருவிழாக்காரர் மூன்று கூட்டம் பிடிப்பார். மேளத்துக்கு இருந்த அதே போட்டி ஒலிபெருக்கிக்கும் இருந்தது. "நேற்றையானை விட இண்டைக்குக் கேக்கவேணும் தம்பி" என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் வந்து மாமாவிடம் சொல்லிவிட்டுப் போவார். பிள்ளையாருக்குக் காது பெரிது என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தென்னைகளிலும் பனைகளிலும், ஊமத்தம்பூப் போல வாய் விரிந்த ஹோர்ன்கள் ஊரின் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு தொங்கின. அதில் ஒன்று எங்கள் வேலியோரத் தென்னையில், சின்னம்மாவின் யன்னலுக்கு நேரே இருந்தது.

விடிய நாலரைக்குத் தொடங்கினால் மத்தியானப் பூசை முடியும்வரை பாட்டும் அறிவித்தலும். பின்னேரம் திரும்பத் தொடங்கும். சின்னம்மா காதுக்குள் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் துவாயைச் சுற்றிக்கொண்டு மேசையில் இருப்பாள். முதல் நாள் முடிவில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணை, ஒரே பந்தியைப் பத்துத் தரம் வாசிச்சிட்டன். உங்கடை பாட்டுத்தான் பாடமாகுது. நான் அதைத்தான் பேப்பரிலை எழுதப்போறன்."

பக்கத்து வளவுக்காரர் பொலிசில் ஒரு முறைப்பாடு போடச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். கோயிலோடு வழக்குப் பேசாத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லைதான், ஆனால் அதெல்லாம் உபயகாரர்கள் தங்களுக்குள் நடத்துகிற வழக்கு. ஒலிபெருக்கி கட்டி வயிறு வளர்க்கிற குடும்பம் ஒலிபெருக்கிக்கு எதிராகப் பொலிசுக்குப் போனால் சிரிப்பார்கள். சத்தத்தை மாமா தானாகக் குறைக்கவும் முடியாது. குறைத்தால் அடுத்த வருடம் திருவிழா வேறு ஆளின் கைக்குப் போய்விடும். ஒரு கோயில் போனால் மற்றக் கோயில்களும் பின்னால் போகும்.

கோயிலின் முகாமையாளரை ஊரில் மனேச்சர் என்பார்கள். சத்தம் விடயத்தில் கடைசிச் சொல் அவருடையது. மாமா முதலில் நேராகவே போய்க் கேட்டார். ஊரில் ஒரு வீடாவது "எங்களுக்குக் கேக்கேல்லை, எங்களை அழைக்கேல்லை" என்று சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று மனேச்சர் சொல்லிவிட்டார். முன்பு ஒருமுறை அப்படிச் சொல்லி ஒரு குடும்பம் உபயத்தையே விட்டுவிட்டுப் போனதாம். படிக்கிற பிள்ளைகளுக்குப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னாராம்.

மறுநாள் மாமா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டத்துடன் மனேச்சர் வீட்டுக்குப் புறப்பட்டார். என்ன நடக்கிறது என்று விடுப்புப் பார்க்கிற ஆசையில் நானும் பின்னால் ஓடினேன்.

"ஐயா, ஊரெல்லாம் நல்லாக் கேக்குது. உங்கடை வளவுக்குத்தான் சரியாக் கேக்கேல்லை. மனேச்சற்றை வீட்டுக்குக் கேக்காத திருவிழா என்ன திருவிழா? எனக்கு மனம் கேக்குதில்லை. ஒரு ஹோர்ன் உங்கடை மாமரத்திலை கட்டித் தாறன்."

மனேச்சரின் முகம் பூரித்துப்போனது. இத்தனை வருடத்தில் எவருக்கும் இது தோன்றவில்லையே என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவ எங்களுக்குத் தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் தந்தா. மாமா இருந்த ஹோர்ன்களிலேயே பெரியதைக் கொண்டுவந்து, படுக்கையறை யன்னலை நன்றாகப் பார்க்கிற கொப்பாகத் தேடிக் கட்டினார். மனேச்சர் கீழே நின்று, இன்னும் கொஞ்சம் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார். மாமா பணிவாகத் திருப்பினார்.

இரண்டு விடியற்காலைகள் மனேச்சர் தாங்கினார். அதற்கு அவரை மெச்சத்தான் வேண்டும். மூன்றாம் நாள் காலை நான் மாமாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது மனேச்சர் கோயில் வாசலில் நின்றார். கண்கள் சிவந்து, முகம் வீங்கியிருந்தது.

"தம்பி, எங்கடை மனுசிக்குப் பிறசர் இருக்கெல்லோ. சத்தம் கொஞ்சம், என்ன சொல்லுறது, டிஸ்டர்பன்ஸாக் கிடக்காம்."

எங்கள் வீட்டுச் சொல் அவருடைய வாயிலிருந்து வந்ததைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா சிரிக்கவில்லை. அவருடைய முகத்தில் அப்படி ஒரு கவலை.

"ஐயோ, அப்ப இப்பவே வந்து உங்கடை வளவு ஹோர்னைக் கழட்டிவிடுறன்."

"கழட்டுறதோ! கட்டி ரெண்டு நாளிலை கழட்டினால் சனம் என்ன நினைக்கும்? மனேச்சரை மதிக்காமல் கழட்டிப்போட்டினம் எண்டெல்லோ கதைப்பினம்."

"அப்ப சத்தத்தைத்தான் குறைக்கவேணும். ஆனால் ஐயா, எல்லாத்துக்கும் ஒரே அம்பிளிஃபயர். உங்கடையைக் குறைச்சால் ஊருக்கெல்லாம் குறையும். உபயகாரர் என்னைத் திண்டுபோடுவினம்."

மனேச்சர் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "உபயகாரருக்கு நான் சொல்லுறன். கோயில் எண்டால் கொஞ்சம் அமைதி வேணும்தானே" என்றார். அன்று பூசை முடிந்ததும் அதையே ஓர் உபதேசமாக ஊருக்கும் சொன்னார். சனமும் தலையாட்டியது. மாமா அம்பிளிஃபயரின் குமிழைப் பிடித்து, பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்பினார். உலகத்திலேயே கெட்டிக்காரர் என்னுடைய மாமாதான் என்று அந்த நிமிடம் நான் முடிவு செய்தேன். இன்றுவரை அதை மாற்ற வேண்டி வரவில்லை.

வீட்டுக்குள் அமைதி வந்தது. சின்னம்மா துவாயைக் கழற்றி எறிந்தாள். அவள் பக்கம் புரட்டுகிற சத்தம் குசினி அடுப்புவரை கேட்டது. மூன்று நாள் கழித்துச் சோதனை தொடங்கியபோது மாமாதான் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தத் தரம் அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. மாப்பிள்ளையின் படத்தை அம்மா கவலையுடன் அலுமாரியிலிருந்து எடுத்தா. சின்னம்மா இப்போது வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். சோதனைக் காலத்தில் சத்தம் போடுகிறவர்களுக்கு அவளுடைய வாயிலிருந்து என்ன வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் எங்கள் வீட்டில் ஆயிரம் தரம் சொல்லிச் சிரித்த கதை. போன வருடம் மாமாவை நான் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிராவிட்டால் கதை இதோடு முடிந்திருக்கும்.

டாக்டர் என்னுடைய வயதுப் பெண். மாமாவின் இரண்டு காதுகளையும் சோதித்துவிட்டு, காதுக்குள் இரைச்சல் ஏதும் கேட்கிறதா என்று கேட்டாள். ஓம் என்றார் மாமா. எப்போதிருந்து என்றதற்கு, ஷெல் விழுந்த அன்றிலிருந்து என்று, பஸ் வந்த நேரம் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் எவருக்கும் இது தெரியாது.

"பங்கருக்குள்ளை இருந்தனாங்கள் பிள்ளை. வாசலடியிலை வந்து விழுந்தது. கடைசித் தங்கச்சி அப்ப கைக்குழந்தை. என்ரை மடியிலைதான் கிடந்தவள்."

"காதைப் பொத்தேல்லையோ ஐயா?"

"பொத்தினனான். அவளின்ரையை."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, அந்த இரைச்சல் நித்திரைக்கோ வேலைக்கோ டிஸ்டர்பன்ஸாக இருக்கிறதா என்று கேட்டாள். மாமாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"சத்தத்துக்குள்ளை நிண்டால் ஒரு கரைச்சலும் இல்லை பிள்ளை. அமைதி வந்தால்தான் எனக்கு டிஸ்டர்பன்ஸ்."

முன்பெல்லாம் திருவிழாக் காலங்களில், முற்பகல் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதே மாமா அம்பிளிஃபயர் கொட்டிலுக்குள், ஹோர்ன் கட்டிய கம்பத்தின் அடியிலேயே பாயை விரித்துக் குறட்டை விடுவார். கும்பகர்ணன் என்று ஊரே சிரிக்கும். அந்த வருடம் குமிழைத் திருப்பிய பிறகு அவர் அங்கே படுக்கவில்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தார். மிஷினுக்குக் காவல் இருக்கிறார் என்று நினைத்தேன். மிஷின் ஓடாத நேரங்களில் பழைய டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்திக்கொண்டு கிணற்றைச் சுற்றி நடந்தார். கண்கள் மனேச்சருடைய கண்களை விடச் சிவந்திருந்தன.

கிரிக்கெட் கேட்கிறார் என்று நினைத்து நான் பின்னால் போய், "ஸ்கோர் என்ன மாமா?" என்று கேட்டேன்.

"இன்னும் தொடங்கேல்லை பிள்ளை. அங்கை மழையாம்."

டிரான்சிஸ்டரை என்னுடைய காதில் வைத்தார். உள்ளே சோ என்று இரைந்துகொண்டிருந்தது. எங்கேயோ தூரத்தில் பெய்கிற மழையைக்கூட ரேடியோவில் பிடித்துவிட்டாரே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சோதனை முடியும்வரை தினமும் போய்க் கேட்டேன், தினமும் அதே மழை. மட்ச் நடக்கிற இடத்தில் மழை விடுகிறதாகவே இல்லை என்று ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.