மாமேவுக்குக் கொஞ்சம் கூடுதல் மூச்சு

கார் இஞ்சினின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள் தொமோயே. கண்களை மூடிக்கொள்கிறாள். அளவெல்லாம் அப்புறம்தான். “கருகல் வாசம் இல்லை. நல்லாத்தான் இருக்கே மாமே,” என்று பானெட்டை இரண்டு கைகளாலும் அழுத்தி மூடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைப் பையோடு நின்று வேடிக்கை பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. சூப்பை முகராமல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊற்ற முடியுமா என்பாள்.

சென்னைக்காரர் காதில் அந்தப் பெயர் வேறு மாதிரி விழும். இங்கே, ஜப்பானின் நாகானோ மலையடிவாரத்தில், மாமே என்றால் பயறு. இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய, பச்சைப் பயறு நிறத்துக் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் அது. மகள் நாகோயாவுக்கு வேலைக்குப் போன வருஷம், “வீட்டுல ஒரு இடம் காலியா இருக்கு” என்று சொல்லி, பழைய காராக வாங்கி வந்தாள்.

ஐம்பதைத் தாண்டியவள். ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை. படகுத் துடுப்பு மாதிரி இருக்கும் கரண்டியால் அண்டா அண்டாவாகக் குழம்பு கிளறியதில் முன்னங்கைகள் உருண்டு திரண்டிருக்கின்றன. வெள்ளைத் தொப்பி, வெள்ளை ரப்பர் பூட்ஸ், முகக்கவசம் என்று நாள் முழுக்கக் கண்கள் மட்டுமே வெளியே தெரியும். வேலை முடிந்து காரின் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு கிளம்பும்போது, முழு முகத்தையும் காற்றுக்குக் கொடுத்து, யாருக்கோ பழிப்புக் காட்டுவதுபோல வாயைக் கோணலாக வைத்துக்கொள்வாள். அது பழக்கமாகிவிட்டது.

போன கோடையில்தான் எல்லாம் தொடங்கியது. கணவாய்ச் சாலையில் மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். மாமே திணறத் தொடங்கும். அன்றைக்கும் கடைசி ஏற்றத்தில் அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குட்டி லாரி வந்தது. முட்டைக்கோஸ் பெட்டிகளை மலைபோல அடுக்கியிருந்தது. ஓட்டி வந்த பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டு, மாமேவைத் தாண்டிப் போனார். போகும்போது மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையை வேறு தூக்கினார்.

“அந்தக் கையைத் தூக்காம போயிருந்தாக்கூட விட்டிருப்பேன்,” என்கிறாள் தொமோயே.

மறுநாள் காய்கறி நறுக்கும் மேஜையில் தன் முடிவை அறிவித்தாள். காருக்கு டர்போ வைக்கப் போகிறாள்.

“அது என்ன, புது மசாலாவா?” என்றாள் கேரட் நறுக்கியவள்.

“இஞ்சின் வெளிய விடுற புகை ஒரு காத்தாடியைச் சுத்தும். அந்தக் காத்தாடி இன்னொரு பக்கம் நிறையக் காத்தைப் பிடிச்சு இஞ்சினுக்குள்ள தள்ளும். மலை மேலயும் மூச்சு முட்டாது.”

“எனக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லுங்க தொமோயே-சான். மாடிப்படி ஏற முடியலை.”

வீட்டில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. கணவன் யசுஹிகோ நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருக்கிறான். சோறு வடிக்கும் மின்குக்கர் வாங்கினால்கூட, கூட வரும் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் பிளக்கைச் சொருக மாட்டான். மகள் பிறந்ததிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

“அம்மா, இதே கார்ல கம்பெனியே டர்போ வச்சு ஒரு மாடல் விட்டாங்க. கொஞ்ச நாள்தான் விட்டாங்க, தேடினா கிடைக்கும். இதை வித்துட்டு அதை வாங்கிக்கோ.”

“அது வேற கார் அப்பா.”

“அதே கார்தான். பச்சையா இல்ல, அவ்வளவுதான்.”

“உனக்கு முட்டி வலின்னா, உன்னை வித்துட்டு முட்டி வலிக்காத ஆளா ஒருத்தரைப் பார்த்துக்கவா?”

யசுஹிகோ மிசோ சூப்பைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தான். பிறகு மேஜைக்கடியில் தன் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஆப்பிள் தோட்டத்தை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கும் கொயிதே, எந்த வேலையையும் “முடியாது” என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். மாமேவை மேலே தூக்கி நிறுத்தி அடிப்பக்கம் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

“யசுஹிகோ-சான் சொல்றதுதான் சரி. கம்பெனி டர்போவுல பிஸ்டனே வேற. கியர் பாக்ஸ் கெட்டி, பின் அச்சு கெட்டி. எல்லாத்தையும் சேர்த்து யோசிச்சுப் பண்ணியிருக்காங்க. உங்க இஞ்சின் ஏற்கெனவே காத்தை இறுக்கிப் பிடிக்கிற ஜாதி. அதுல இன்னும் திணிச்சா ஒரு நாள் பிஸ்டன் ஓட்டையாயிடும்.”

“எவ்வளவுதான் திணிக்கலாம்?”

“கொஞ்சூண்டு.”

“அது போதுமே. உப்பும் கொஞ்சூண்டுதான் போடுறோம். அதுக்காகப் போடாமலா இருக்கோம்?”

கொயிதே தலையைச் சொறிந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

பனிக்காலம் முழுக்க வேலை நடந்தது. டர்போவுக்கு எண்ணெய் போகக் குழாய் வேண்டும். அந்த எண்ணெய் திரும்பி வர இஞ்சினின் அடித்தட்டில் ஓட்டை போட வேண்டும். உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்க முன்பக்கம் ஒரு பெட்டி வேண்டும். அதை வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும், ஆகவே பெரிய ரேடியேட்டர். இழுவை கூடினால் கிளட்ச் வழுக்கும், ஆகவே புது கிளட்ச். ஒவ்வொரு சனிக்கிழமையும் தொமோயே பட்டறைக்குப் போய்க் கை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் கறுத்த நகங்களோடு வீடு திரும்பும்போது யசுஹிகோ “இன்னைக்கு என்ன சேர்ந்துச்சு?” என்பான். “ஒண்ணுமில்ல, ஒரு சின்னக் குழாய்,” என்பாள். அவனும் அந்தக் குளிர்காலத்தில் சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகத் தொடங்கியிருந்தான். வீட்டுக்கு ஒரு மீனும் வந்ததில்லை. அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

பனி உருகி, சாலை திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமே மலையேறியது. முதல் வளைவைத் தாண்டி மிதித்ததும் முன்னால் இருந்து ஒரு சீழ்க்கைச் சத்தம் மெல்ல எழுந்து, பிறகு யாரோ இடுப்பில் கை வைத்துத் தூக்கிவிட்ட மாதிரி கார் எழும்பிப் போனது. தொமோயே தனியாக உட்கார்ந்து உரக்கச் சிரித்தாள். போன வருஷம் லாரி தாண்டிய இடத்தை மூன்றாவது கியரிலேயே கடந்தாள்.

மேலே இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அது கேட்டது. வெறும் வாணலியில் எள் வெடிக்கிற மாதிரி, பொட்டுப் பொட்டென்று, மெல்லிசாக. வேறு யாராயிருந்தாலும் சக்கரத்தில் கல் மாட்டியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அவள் உடனே காலை எடுத்தாள். ஓரம் கட்டி இஞ்சினை அணைத்துவிட்டுக் கொயிதேவுக்குப் போன் போட்டாள்.

“நல்ல வேளை நிறுத்தினீங்க, பிஸ்டன் தப்பிச்சுது. நீண்ட ஏத்தத்துக்கு பெட்ரோல் பத்தலை. பம்ப் சின்னது, எனக்கு அப்பவே தோணுச்சு. ஸ்டார்ட் பண்ணாதீங்க. மத்தியானம் வண்டி எடுத்துக்கிட்டு வர்றேன்.”

அப்புறம் கணவனைக் கூப்பிட்டாள். அவனுடைய பெட்டி போன்ற சின்னக் கார் தகுதிச் சோதனைக்குப் போயிருந்தது.

“எதுல வருவே?”

“வர்றேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தடுப்புக் கம்பியில் சாய்ந்து சோற்றுருண்டையைத் தின்றுகொண்டிருந்தாள். கீழே வளைவுகளில் ஒரு சத்தம் ஏறி வந்தது. சீராக, அலட்டிக்கொள்ளாமல் வந்தது. கடைசித் திருப்பத்தில் மாமேவின் அதே முகத்தோடு, சாம்பல் நிறத்தில் ஒரு கார் தெரிந்தது. கூரை திறந்திருந்தது. உள்ளே தோல் கையுறையெல்லாம் மாட்டிக்கொண்டு யசுஹிகோ.

தொமோயே மெல்வதை நிறுத்தினாள்.

“யார் வண்டி அது?”

“உன்னோடதுதான். கம்பெனி டர்போ. பிறந்த நாளுக்கு. ஊருக்கு வெளிய ஒரு ஆப்பிள் தோட்டக்காரர்கிட்ட கொட்டகையை வாடகைக்கு எடுத்து நிறுத்தி வச்சிருந்தேன்.”

“எப்போலேர்ந்து?”

“பனிக்கு முன்னாடியே. பேட்டரி இறங்கிடக் கூடாதுன்னு சனிக்கிழமை சனிக்கிழமை ஓட்டினேன்.”

“மீன் பிடிக்கப் போறேன்னியே?”

“மீனே வரலையே, ஒரு நாளாவது கேட்டியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கேட்டாள்: “அப்போ, நான் தோத்துடுவேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டே.”

யசுஹிகோ கையுறையைக் கழற்றினான். “இல்ல அம்மா. உன் இஞ்சின் வெடிச்சா நீ சாப்பிடாம படுத்துக்குவே. பிறந்த நாள் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே காட்டலாம்னுதான் ஒளிச்சு வச்சிருந்தேன். வெடிக்கலைன்னா என்ன பண்றதுன்னு யோசிக்கலை.”

பள்ளத்தாக்கிலிருந்து குயில் ஒன்று கூவியது. அவள் மிச்சமிருந்த சோற்றுருண்டையைப் பாதியாகப் பிட்டு அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கித் தின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“அப்பா, சாவியை விடு.”

“விட்டுட்டேனே.”

“விடலை.”

குனிந்து பார்த்தான். விரல்கள் சாவியை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. அவன் காதுகள் சிவந்துபோயின. அப்போதுதான் தொமோயேவுக்கு அடக்கிவைத்த சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“நீயே வச்சுக்கோ. எனக்குப் பிறந்த நாளுக்கு பெரிய பெட்ரோல் பம்ப் ஒண்ணு வாங்கிக் குடு.”

வாங்கிக் கொடுத்தான். பெரிய கடையில் பூப்போட்ட துணியில் கட்டித் தரச் சொன்னபோது கடைக்காரப் பெண் பொட்டலத்தை இருமுறை உற்றுப் பார்த்தாளாம். கொயிதே “முடியாது” என்று சொல்லிவிட்டு ஒரே வாரத்தில் மாட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எள் வெடிக்கும் சத்தம் இல்லை.

இந்த வசந்தத்தின் கடைசியில் பனிச்சறுக்கு மைதானத்துச் சாலையை ஒரு நாள் மூடிவிட்டு, குட்டிக் கார்க்காரர்கள் மலையேற்றப் போட்டி வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியாக ஏற வேண்டும். உச்சியில் கடிகாரத்தோடு கொயிதே. புருஷனும் பெண்டாட்டியும் பெயர் கொடுத்தார்கள். தோற்றவர் இந்த வருஷம் முழுக்கக் குளியல்தொட்டி தேய்க்க வேண்டும்.

சமையற்கூடத்துப் பெண்கள் எல்லோரும் வந்து துண்டை ஆட்டினார்கள். தொமோயே நன்றாகத்தான் ஓட்டினாள். வாயைக் கோணிக்கொண்டு, வளைவுக்கு வளைவு மாமேவைத் திட்டியும் கொஞ்சியும் மேலே ஏற்றினாள். ஆனால் யசுஹிகோ முந்தின நாளே அந்தச் சாலையை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தான். அவன் கார் பதறவே இல்லை. நூலிழையில் அவன்தான் ஜெயித்தான்.

“நடந்து பார்க்கிறது தப்பாட்டம்!” என்று அவள் கத்தினாள்.

“தடைன்னு யாரும் சொல்லலையே,” என்றான் அவன்.

போட்டி முடிந்ததும் அவள் அவன் காரை வாங்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். மேலே புல்வெளி ஓரம் நிறுத்தி, இறங்காமல் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“எப்படி?” அவன் ஆவலாகக் குனிந்தான்.

“நல்லா இருக்கு. பிரேக் பிரமாதம். எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல.”

“அப்போ?”

“எனக்குத்தான் அதுல ஒரு வேலையும் இல்ல.”

இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டாள். கொயிதே, “நான் அப்பவே சொன்னேனே” என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து, “ஆனா மாமேவோட சத்தம் நல்லா வந்திருக்கு,” என்று முடித்தார். சமையற்கூடத்துப் பெண்கள் கொண்டுவந்திருந்த வறுத்த கோழி கைமாறியது. யசுஹிகோ தன் காரில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கடைசி வளைவை விளக்கிக்கொண்டிருந்தான்.

அப்போது மலைக்குப் பின்னாலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது. எல்லோரும் ஓடினார்கள். யசுஹிகோ துணிக்கூரையின் கொக்கியை எந்தப் பக்கம் இழுப்பது என்று தடுமாறினான். புல்வெளியின் மறுகோடியில் மாமே திறந்தபடி நின்றது. இருக்கைகளில் துளிகள் விழத் தொடங்கியிருந்தன.

தொமோயே அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் காருக்குப் பின்னால் வந்து நின்று, “தலையைக் குனி அப்பா,” என்றாள். சாம்பல் கூரையை ஒரே இழுப்பில் அவன் தலைக்கு மேல் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ‘டக், டக்’ என்று பூட்டிவிட்டு, பிறகுதான் மழையில் தன் காரை நோக்கி ஓடினாள்.